போக் ஜுசோ தக்பீர் கட்டுவதற்குள்

மாராங் ஆற்றோரம் இருக்கிற சின்னக் கிராமமான எங்கள் கம்போங்கில் போக் ஜுசோவிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் கொடுப்பார்கள். அவர் தைத்த சட்டை அளவில் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. ஆனால் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்த துணி நோன்புப் பெருநாளுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. தோளை அளப்பார், குறிப்பார், "கொஞ்சம் திரும்பு" என்று மறுபடியும் அளப்பார். அளவு கொடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்திருப்பான், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "கோவிச்சுக்காத. இடது கை மட்டும் இன்னொரு தடவை பாத்துக்கிறேன்."

மனிதருக்கு வஸ்வாஸ். ஓயாத சந்தேகம். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு தென்னை தாண்டியதும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தால் பள்ளிவாசல் தொட்டியில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முழங்கை நனைந்ததா? நனைந்தது. முழுக்க நனைந்ததா? அட, நனைந்தது ஐயா! எதற்கும் இன்னொரு தடவை.

இதெல்லாம் பரவாயில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைதான் அவரைப் படுத்தி எடுக்கும்.

அந்தி மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் இமாம் சத்தமாக ஓதுவார். அந்தக் குரல் இவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வந்துவிடுவதால் அன்றைக்கு லுஹரிலிருந்து விடுதலை. முகமே தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் உச்சி வெயில் நேரம், இமாம் வாய்க்குள் ஓதுவார், பள்ளிவாசலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். தனக்குள் என்ன ஓடுகிறது என்று மனிதனுக்குத் தெளிவாகக் கேட்கிற நேரம் அது. போக் ஜுசோவுக்கு அது ஆகாத நேரம். பிற்பகல் அஸரும் மௌனத் தொழுகைதானே என்பீர்கள். அதை அவர் கடையிலேயே ஓர் ஓரமாகத் தொழுதுகொள்வார். அங்கே அவரை வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் கிடையாது.

தொழுகை தொடங்குவதற்கு ஒரு சொல் போதும். மனதில் 'லுஹருடைய நான்கு ரக்அத்' என்று எண்ணம் வைத்து, கையை உயர்த்தி, "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லிக் கையைக் கட்டிவிடவேண்டும். ஏழு வயதுப் பிள்ளை செய்கிறது. போக் ஜுசோ கையை உயர்த்துவார். "அல்லாஹு..." எண்ணம் சரியாக வந்ததா? கையை இறக்குவார். மறுபடி உயர்த்துவார். "அல்லாஹு அக்..." நாலு ரக்அத் என்று நினைத்தேனா, வெறுமனே லுஹர் என்று நினைத்தேனா? இறக்குவார். அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் முழங்கை இடிக்குப் பயந்து கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். "வரிசையில் நெருங்கி நில்லுங்கள்" என்று இமாம் தினமும் சொல்வார். அந்த ஓர் இடத்தில் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவர் கை கட்டி முடிக்கும்போது தொழுகையின் முதல் சுற்றான ரக்அத் போய்விட்டிருக்கும். சில நாள் இரண்டாவதும் போய்விடும். விட்டுப்போனதை இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு தனியே நின்று தொழவேண்டும். எல்லாரும் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரே ஒரு முதுகு நிற்கும். காப்பிக்கடை சே மூடாவுக்கு அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் மதியச் சோறு செரிக்கும்.

"போக் ஜுசோ, எல்லாரும் குவாந்தான் போய் இறங்கியாச்சு. நீங்க இன்னும் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறீங்க."

"போடா டேய். உன் தொழுகைய நீ பாரு."

"எங்க பாக்க விடுறீங்க? நீங்க பக்கத்துல நின்னு கையக் கையத் தூக்கினா, எனக்கு யாரோ டாட்டா காட்டுற மாதிரியே இருக்கு."

இமாம் டெராமான் அவரைக் கேலி செய்ய மாட்டார், கடிந்துகொள்வார். "சந்தேகம் வந்தா வந்துட்டுப் போகட்டும். அதுக்கு நாற்காலி போட்டு உக்கார வைக்காதீங்க. கையக் கட்டிடுங்க." போக் ஜுசோ தலையாட்டுவார். மறுநாள் லுஹருக்கு அந்த விருந்தாளி நாற்காலியைத் தானே கொண்டுவந்து உட்கார்ந்துகொள்ளும். பாவம், அவர் என்ன செய்வார்?

இந்த லட்சணத்தில் அவருடைய ஒரே மகள் ஸாவியாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. பையன் ருஸ்டி, மாராங் பஸ்ஸில் கண்டக்டர். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். நிறுத்தத்தின் பெயர்களை அவன் கத்துகிற வேகத்தில் தூங்குகிறவர்கள் தங்கள் ஊருக்கு முன்பே இறங்கிவிடுவார்கள். தினமும் அந்த பஸ்ஸில் டவுனுக்குப் போன ஸாவியா மட்டும் எப்போதும் சரியான இடத்தில்தான் இறங்கினாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நிக்காஹ் ஒரு சனிக்கிழமை, பள்ளிவாசலில், லுஹர் தொழுததும் என்று போக் ஜுசோ வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்த இடத்தில் இமாம் டெராமான் மெல்ல இருமினார்.

"போக் ஜுசோ, பொண்ணக் குடுக்கிற வார்த்தைய நீங்கதான் சொல்லணும். ஆனா அந்தப் பொறுப்ப என்கிட்ட ஒப்படைச்சுட்டா உங்களுக்குப் பதிலா நானே சொல்லிடுவேன். நெறைய அப்பாமாரு அப்படித்தான் செய்யறாங்க. ஒண்ணும் குறைச்சல் இல்ல."

போக் ஜுசோவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி ஆயிற்று. தலையாட்டப் போனார். அதற்குள் அடுக்களைத் திரைக்குப் பின்னாலிருந்து ஸாவியாவின் குரல் வந்தது.

"வேணாம் தோக் இமாம். எங்க அபாதான் சொல்லணும்."

விருந்தாளிகள் போனதும் மனைவி மெக்நா மகளைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்னடி பைத்தியமா? உங்க அபா ஒரு தக்பீரு கட்டுறதுக்குள்ள இங்க சோறு கொதிச்சு வடிச்சு ஆறிடும். இவரு உன்னக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள நீ கெழவியாயிடுவ."

"ஆனா ஆயிட்டுப் போறேன். என்னத் தூக்கி வளத்தவரு கையால போறேன்மா. தோக் இமாமா என்னத் தூக்கி வளத்தாரு?"

மகள் சொன்னது போக் ஜுசோவுக்கு இனித்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தொழுகையில் சந்தேகம் வந்தால் மறுபடி தொழுதுகொள்ளலாம். நிக்காஹில் வந்தால்? வார்த்தை சரியாக விழுந்ததா, மூச்சு நடுவில் உடைந்ததா என்று தன் மனம் கேட்க ஆரம்பித்தால் அது ஆயுசுக்கும் நிற்காது என்று அவருக்குத் தெரியும். தன் மகளின் முழு வாழ்க்கையும் தன் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாலே, போட்ட தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். மெக்நா வேறு சும்மா இருக்கவில்லை. "பேரப்புள்ள பொறந்து தொட்டில்ல கெடக்கும். நீங்க போயி, எதுக்கும் இன்னொரு தடவ சொல்லிடட்டுமான்னு கேப்பீங்க. பாக்கத்தான் போறேன்."

பழகிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஒரு நாள் சே மூடா கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தபோது நிக்காஹில் மாப்பிள்ளை கையைப் பிடிப்பது போல அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போக் ஜுசோ கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஆரம்பித்தார்.

"உனக்கு என் மகள் ஸாவியாவை எண்பது ரிங்கிட் மஹருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர்த் தொகை உட்பட எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது! அவருக்கே ஆச்சரியம். சே மூடாவுக்குக் குறும்பு தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் ஏற்று..." என்று தொடங்கினார்.

போக் ஜுசோ பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். அளவு நாடா, சாக்குக்கட்டி, குண்டூசிப் பெட்டி எல்லாம் தரையில் சிதறின. "படுபாவி! நிக்காஹ்ல விளையாட்டுக்குச் சொன்னாலும் சொன்னதுதான்னு தெரியாதா உனக்கு? ரெண்டு சாட்சி வேற உக்காந்திருக்கு!"

பொத்திய கைக்குள்ளிருந்து சே மூடா திணறினார். கையை எடுத்ததும் அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. "அல்லாவே! ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். நல்லவேளை போக், பொத்தினீங்க."

சாட்சிகள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சுருட்டை அணையவிட்டுவிட்டார்கள். போக் ஜுசோவுக்குச் சிரிப்பு வரவில்லை. சே மூடா 'ஏற்று' என்று சொன்னாரா, 'ஏற்றுக்கொண்டேன்' என்று முழுக்கச் சொல்லிவிட்டாரா என்று சந்தேகம் வந்து, அன்றைக்கே இமாம் வீட்டுக்குப் போய் அது செல்லுமா என்று கேட்டுவிட்டு வந்தார். இமாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தாராம். அதன் பிறகு போக் ஜுசோ தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பழகினார். அது எதையும் ஏற்றுக்கொள்ளாது.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ருஸ்டிக்கு வெள்ளை சாட்டின் துணியில் மாமனார் தைத்த சட்டை. இந்த ஒரு சட்டை மட்டும் சொன்ன நாளில் கைக்கு வந்தது என்று ஊரே பேசிக்கொண்டது. பள்ளிவாசல் முழுக்க ஆள். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஸாவியா. வெளியே பந்தலில் நெய்ச்சோறும் மாட்டிறைச்சிக் குழம்பும் மணக்கின்றன. பாங்கு சொல்லியாயிற்று. வரிசை கட்டியாயிற்று. இமாம் டெராமான் தக்பீர் கட்டுவதற்கு முன் ஒரு தரம் திரும்பிப் போக் ஜுசோவைப் பார்த்துக்கொண்டார். பிறகு தொழுகை ஆரம்பமாயிற்று.

போக் ஜுசோ கையை உயர்த்தினார். 'லுஹருடைய நான்கு ரக்அத்' என்று மனதில் வைக்கப் போனார். மனதில் ஸாவியா வந்து நின்றாள். கையை இறக்கினார். மறுபடி உயர்த்தினார். லுஹர், லுஹர் என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டார். பல் விழுந்த வயதில் துண்டுத் துணிகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சட்டை போட்ட ஸாவியா வந்தாள். இறக்கினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் வருகிற சந்தேகத்தையாவது அவருக்குத் தெரியும், அதோடு பழக்கம் இருக்கிறது. இன்றைக்கு வந்தது சந்தேகமே இல்லை. மனம் லுஹரில் இல்லை, மகளிடம் இருக்கிறது என்று உறுதியாகவே தெரிந்தது.

அவருக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, மாமனாரின் கை ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தொழுதான். அவனுக்கு இது புதிது. வெளியூர்ப் பையன்.

நான்கு ரக்அத்தும் முடிந்து இமாம் கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் போக் ஜுசோவுக்கு ஒரு வழி தெரிந்தது. 'யா அல்லா, நான் லுஹர் தொழ வந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். என்ன செய்வது?' என்று மனதுக்குள் சொல்லிக் கையைக் கட்டிவிட்டார். கட்டி உட்கார்ந்ததும் இமாம் ஸலாம் கொடுத்துவிட்டார். அதாவது, நான்கு ரக்அத்தும் பாக்கி!

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தபடி, பெண்ணைக் கொடுக்கவேண்டிய மனிதர் தனியாக எழுந்து நின்று லுஹர் தொழுவதைப் பார்த்தார்கள். ஒருவர் நெய்ச்சோற்றை நினைத்துப் பெருமூச்சு விட்டார். சே மூடா, "யாரும் அசையாதீங்க. வண்டி இப்பத்தான் கெளம்பியிருக்கு" என்று முணுமுணுத்தார். இமாம் அவரை முறைத்தார். போக் ஜுசோ ஒன்றையும் கவனிக்கவில்லை. நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல், மெதுவாகத் தொழுதார். இந்தத் தொழுகையில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவருக்கு வராதது மாப்பிள்ளைக்கு வந்தது. அந்த மௌனத்தில் காத்துக்காத்து ருஸ்டியின் நெற்றியில் வியர்வை ஓட ஆரம்பித்தது. தான் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவன் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். மறுபடி சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. போக் ஜுசோ ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது பையன் முகம் ஆற்றில் ஊறிய துணி மாதிரி இருந்தது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சாட்சிகள் நெருங்கி வந்தார்கள். போக் ஜுசோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பின்னால் மெக்நா முக்காட்டு முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிடித்த கை சில்லென்று இருந்தது, நடுங்கியது. போக் ஜுசோவுக்கு அந்தக் கையைத் தெரியும். அவருடைய கையே தினமும் மதியம் அப்படித்தான் இருக்கும். பையனைப் பார்த்தார். பாவம் என்று தோன்றியது. தன்னைப் பற்றி நினைக்க மறந்துபோனார்.

"ருஸ்டி, என் மகள் ஸாவியாவை எண்பது ரிங்கிட் மஹருக்கு உனக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

தெளிவாக, ஒரே மூச்சில் வந்தது. ஊர் வாயைப் பிளந்தது. மாப்பிள்ளையும் வாயைப் பிளந்தான். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"ஏத்துக்கிட்டேன்னு சொல்லுப்பா," என்றார் இமாம். "இடைவெளி விழுந்துடுச்சு போக் ஜுசோ, நீங்க முதல்லேருந்து சொல்லணும்."

முதலிலிருந்து சொன்னார். ருஸ்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாராங் பாலத்தில் இறங்குகிறவர்களைக் கூப்பிடுகிற வேகத்தில் அவிழ்த்துவிட்டான். "மெக்நாவை அந்த மஹருக்கு நிக்காஹ் ஏற்றுக்கொண்டேன்!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு திரைக்குப் பின்னால் வெடித்தது. சிரிப்புக்கு நடுவே மெக்நாவின் குரல் தனியாகக் கேட்டது. "எனக்கு வேணாம்ப்பா! வீட்ல ஒண்ணு இருக்கு, அதச் சமாளிக்கவே முடியல!"

சாட்சிகள் தலையை ஆட்டி, செல்லாது என்றார்கள். மூன்றாம் தடவை பையன் பெயரைச் சரியாகச் சொன்னான். மஹரில் மூச்சு நின்றுவிட்டது. அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு கண்டக்டருக்கு வாயடைத்துப்போனால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? அவனுடைய தகப்பனார் பின்னாலிருந்து, "மானத்த வாங்காதடா, சொல்லித் தொலைடா" என்றார்.

"நீங்க இருங்க," என்றார் போக் ஜுசோ. அந்த மனிதர் யாரையும் அப்படி அதட்டி நாங்கள் பார்த்ததில்லை. பிறகு பையனின் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"மவனே, என்னப் பாரு. நான் தெனமும் லுஹருக்கு இப்படித்தான் நிக்கிறேன், கல்யாணம் பண்ணின நாள்லேருந்து. சொல்லுவேன், நின்னுடும். மறுபடி சொல்லுவேன். ஊரே சிரிக்கும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. என்னிக்காவது நான் லுஹர் தொழாம வீட்டுக்குப் போயிருக்கேனான்னு கேட்டுப்பாரு இவங்கள."

"இல்ல," என்றார் சே மூடா. அவர் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை.

"அவ்வளவுதான். இன்னும் எத்தன தடவ வேணும்னாலும் நான் சொல்றேன். எனக்கு அலுக்காது. நீ மெதுவா வா."

ருஸ்டி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போக் ஜுசோ நான்காம் தடவை, முதல் தடவை மாதிரியே, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொன்னார். பையன் அவர் முகத்தையே பார்த்தபடி பதில் சொன்னான்.

"ஸாவியாவை அந்த மஹருக்கு நிக்காஹ் ஏற்றுக்கொண்டேன்."

"செல்லும்," என்றார் ஒரு சாட்சி. "செல்லும்," என்றார் மற்றவர்.

இமாம் டெராமான் துஆவுக்குக் கையை ஏந்தப் போனவர் சட்டென்று நிறுத்தினார். போக் ஜுசோவின் பக்கம் திரும்பினார். மொத்த ஜமாஅத்தும் திரும்பியது. 'எதற்கும் இன்னொரு தடவை' என்று அவர் ஆரம்பித்தால் நெய்ச்சோறு அஸருக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"என்ன போக் ஜுசோ, மனசுக்குத் திருப்திதானா?"

போக் ஜுசோ மாப்பிள்ளையின் கையை விட்டார். "செல்லும் தோக் இமாம். துஆ ஓதுங்க," என்றார். பின் வரிசையில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னது கல்யாணத்துக்கா சோற்றுக்கா தெரியாது.

பந்திக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு ஸாவியா திரையை விலக்கிக்கொண்டு வந்து தகப்பனாருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து முத்தமிட்டாள். கண்ணுக்கு இட்ட மை ஏற்கெனவே கலைந்திருந்தது. ஆனாலும் அவள் மெக்நாவின் மகளாயிற்றே, சும்மா இருப்பாளா?

"ஏன் அபா, ஒரு தக்பீருக்கு அந்தப் பாடு படுவீங்க. இன்னிக்கு நாலு தடவ என்னத் தூக்கிக் குடுத்தீங்க, ஒரு தடவகூட நாக்கு எடறல. அவ்வளவு அவசரமா உங்களுக்கு, என்ன அனுப்பி வைக்க?"

போக் ஜுசோ சிரிக்கத்தான் பார்த்தார்.

"குடுத்தேன்மா. வாயால குடுத்தேன். ஆனா அந்தப் புள்ள ஒவ்வொரு தடவ தடுமாறும்போதும், இன்னும் ஆகல, இன்னும் எம்பொண்ணுதான்னு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு."

ஸாவியா பிடித்த கையை விடவில்லை. அவரும் விடவில்லை. சோறு ஆறுகிறது என்று மெக்நா வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.